கூடங்குளம் வளாகத்தில் எரிபொருள் சேமிப்பகம்: ஒப்புதல் வழங்குவோர்க்கு ஒரு திறந்த மடல்

பெறுநர்: கூடங்குளம் அணுமின் நிலைய வளாகத்தில், உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருளைச் சேமித்து வைக்கும் கட்டமைப்புகளுக்கு இடமும் இசைவும் வழங்கும் பொறுப்பிலுள்ள ஒன்றிய, மாநில அலுவலர்கள்.

மதிப்பிற்குரியீர்,

உலையிலிருந்து வெளியே எடுக்கப்படும் எரிபொருள் எங்கள் ஊர்ப்பக்கத்தை விட்டு என்று போகும், எங்கே போகும் என்பதை எழுத்தில் சொல்லாமல், அதை வைப்பதற்கான கிடங்கை மட்டும் எங்கள் வீடுகளுக்கு அருகில் அடுத்தடுத்துக் கட்டிக்கொண்டு போவதை எங்களால் ஏற்க முடியவில்லை. முதல் இரண்டு உலைகளுக்கான சேமிப்பகம் பற்றி நாங்கள் எழுப்பிய கேள்விகளுக்கே விடை வராத நிலையில், மூன்றாம், நான்காம் உலைகளுக்கான சேமிப்பகத்திற்கும் 2021-இல் இட ஒப்புதல் தரப்பட்டது. ஐந்தாம், ஆறாம் உலைகளின் கட்டுமானமும் அதே ஆண்டில் தொடங்கியது. இந்தப் போக்கில், கேள்வி கேட்பதற்கான நேரம் கடந்துவிட்டது என்று நாளை எங்களிடம் சொல்லப்படும் என அஞ்சுவதால் இதை எழுதுகிறேன்.

நான் அந்த வளாகத்தை ஒட்டிய கடலோர ஊர்களில் ஒன்றில், மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவள். அணுமின்சாரம் நாட்டுக்கு வேண்டுமா வேண்டாமா என்ற பெரிய வழக்கை இம்மடலில் நான் எடுக்கவில்லை. அதில் எங்கள் ஊருக்குள்ளேயே இருவேறு கருத்துகள் உண்டு. வளாகத்திற்குள் வேலைக்குப் போகிறவர்களும் எங்கள் உறவினர்கள்தாம். எரிபொருளின் இறுதி இடம் எது என்ற கேள்வியில் மட்டும் எங்களுக்குள் கருத்து வேறுபாடு கிடையாது.

பழைய கணக்கிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. 1988 நவம்பர் 20 அன்று ராஜீவ் காந்தியும் மிகயீல் கர்பச்சேவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, கூடங்குளத்தில் பயன்படுத்தி முடித்த எரிபொருள் சோவியத் நாட்டுக்கே திரும்பிப் போக வேண்டும். அந்த ஏற்பாடு நடப்பில் இருந்தபோதுதான், 1989-இல், முதல் இரண்டு உலைகளுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி வழங்கப்பட்டது. பிறகு சோவியத் ஒன்றியம் கலைந்தது. 1998-இல் ரஷ்யாவுடன் செய்துகொண்ட துணை ஒப்பந்தத்தின்படி அந்த எரிபொருளை இந்தியாவே வைத்துக்கொள்வது என்று மாற்றப்பட்டது. இரண்டு அரசுகள் தங்களுக்குள் செய்துகொண்ட இந்த மாற்றத்தின் சுமை எந்த ஊரின் தலையில் இறங்குமோ, அந்த ஊரிடம் ஒரு சொல்லும் கேட்கப்படவில்லை. பொதுமக்கள் கருத்துக்கேட்பு என்பது 1990-களில்தான் சட்டத்தில் கட்டாயமானது என்பதால், 1989 அனுமதி பெற்ற உலைகளுக்கு அது தேவையில்லை என்று நீதிமன்றத்தில் வாதிடப்பட்டதும் எங்களுக்குத் தெரியும். சட்டப்படி அது சரியாகவே இருக்கட்டும். ஆனால் அனுமதி பெற்றபோது இருந்த ஏற்பாடு ஒன்று, இப்போது இருக்கும் ஏற்பாடு வேறொன்று என்னும்போது, பழைய அனுமதியின் நிழலில் புதிய கிடங்கை நிறுத்துவது நேர்மையான நடைமுறை ஆகாது.

2013 மே 6 அன்று உச்ச நீதிமன்றம் உலைகள் இயங்குவதற்குத் தடையில்லை என்று தீர்ப்பளித்தபோதே, எரிபொருள் பற்றித் தனியாகப் பேசியது. உலைக் கட்டடத்துக்கு வெளியே அமையும் சேமிப்பகத்தின் வடிவமைப்புப் பாதுகாப்பை அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் காலமுறைதோறும் ஆராய வேண்டும் என்றும், எரிபொருளைக் கொண்டுசென்று நிலத்தின் ஆழத்தில் நிரந்தரமாக வைப்பதற்கான ஆழ்நிலப் புதைவிடத்தைக் கூடிய விரைவில் அமைக்க வேண்டும் என்றும் அது சொன்னது. ஐந்தாண்டுகளுக்குள் முடிய வேண்டிய சேமிப்பகம் முடியவில்லை. 2018-இல் மேலும் அவகாசம் கேட்கப்பட்டு, 2022 ஏப்ரல் வரை அது நீட்டிக்கப்பட்டது. இத்தனைக்கும் உலைக் கட்டடத்திற்குள் எரிபொருளை நீரில் வைத்துக் குளிர்விக்கும் குளங்கள் ஏறத்தாழ ஏழாண்டு எரிபொருளுக்கே இடம் கொண்டவை என்பது முதலிலிருந்தே தெரிந்த செய்தி. முதல் உலை மின்தொகுப்போடு இணைந்தது 2013 அக்டோபரில். ஏழாண்டு எப்போது முடியும் என்று கணக்கிட யாருக்கும் விரல்கள் போதும். தீர்ப்பின் இரண்டு பாதிகளில் கிடங்கைப் பற்றிய பாதி தாமதமாகவேனும் நகர்கிறது. புதைவிடத்தைப் பற்றிய பாதி நகர்ந்த தடமே எங்கள் கண்ணில் படவில்லை. நாட்டில் எந்த மாவட்டமும் தன் நிலத்தடியில் இதை ஏற்க முன்வராது என்பது எங்களுக்கும் புரிகிறது. 2012-இல் கோலார் தங்கச் சுரங்கத்தின் பெயர் அடிபட்டதும் அங்கே எழுந்த எதிர்ப்பை நாங்களும் செய்தித்தாளில் படித்தோம். அங்கிருந்த மக்கள் மறுத்தார்கள், பேச்சு அத்தோடு நின்றது. எங்கள் மறுப்புக்கு மட்டும் ஏன் அந்த எடை இல்லை?

புதிய எரிபொருளும் பயன்படுத்தி முடித்த எரிபொருளும் ஒன்றல்ல என்பதை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் இம்மடலைப் படிக்கும் ஊர்மக்களுக்காகச் சொல்கிறேன். கூடங்குளத்தின் ஒவ்வோர் உலையிலும் 163 எரிபொருள் கட்டுகள் உள்ளன. சில ஆண்டுகள் உள்ளே இருந்த கட்டுகளை எரிபொருள் மாற்றும் காலத்தில் வெளியே எடுத்துப் புதியவற்றை வைக்கிறார்கள். உள்ளே போகும்போது தகுந்த முன்காப்போடு மனிதர்கள் அருகில் நின்று கையாளக்கூடிய பொருள், வெளியே வரும்போது யாரும் நெருங்க முடியாத கதிர்வீச்சும் ஓயாத வெப்பமும் கொண்டதாக வருகிறது. அதைப் பல ஆண்டுகள் நீருக்கடியில் வைத்து, அந்த நீரை இடைவிடாமல் குளிர்வித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதிலுள்ள சீசியம்-137 பாதியாகக் குறையவே 30 ஆண்டுகள் ஆகும். புளூட்டோனியம்-239 பாதியாகக் குறைய 24,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். உலையை ஒருநாள் நிறுத்திவிடலாம். இதை நிறுத்துவதற்கு விசை எதுவும் கிடையாது.

2011 மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்தைச் சுனாமி தாக்கியபோது, அதன் நான்காம் உலை பராமரிப்புக்காக நிறுத்தப்பட்டு, உள்ளேயிருந்த எரிபொருள் முழுவதும் குளத்திற்கு மாற்றப்பட்டிருந்தது. இயங்காத உலையின் அந்தக் குளத்தில் இருந்த 1,535 கட்டுகளை எண்ணித்தான் பல நாள் உலகமே பதறியது. குளத்தில் நீர் வற்றவில்லை என்பது பின்னரே உறுதியாயிற்று. அதே வளாகத்தில், உலர்ந்த முறையில் கனத்த உலோகக் கொள்கலன்களில் வைக்கப்பட்டிருந்த எரிபொருள், கடல் புகுந்த பிறகும் சேதமின்றி இருந்தது. ஆகவே சேமிப்பகம் என்று பொதுவாகச் சொல்லி முடித்துவிட முடியாது. எந்த முறை, எவ்வளவு கொள்ளளவு, எத்தனை ஆண்டு குளிர்ந்த எரிபொருள், மின்சாரம் நின்றால் எத்தனை நாள் தாங்கும் என்பவையெல்லாம் எங்கள் உயிரோடு தொடர்புடைய வேறுபாடுகள். இவற்றை நாங்கள் கேட்கும்போது, பாமரர்களுக்குத் தொழில்நுட்பம் எதற்கு என்ற தொனியில் பதில் வருவதை நிறுத்துங்கள். காற்றின் திசையையும் நீரோட்டத்தையும் கணித்து வலைவீசுகிறவர்களுக்கு, ஒரு குளத்தின் நீர்மட்டம் ஏன் குறையக் கூடாது என்பது சொன்னால் விளங்கும்.

எங்கள் ஊர்களின் இருப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2004 டிசம்பர் 26 அன்று கடல் உள்ளே வந்து வீடிழந்தவர்களுக்காக இடிந்தகரையில் கட்டித் தரப்பட்ட குடியிருப்பு, அணுமின் நிலையத்தின் மதிலுக்கு அருகிலேயே அமைந்துவிட்டது. அந்த வீடுகளின் வாசலில் நின்றால் உலைகளின் குவிமாடங்கள் தெரியும். ஒரு பேரிடரிலிருந்து மீட்டுக் குடியமர்த்தப்பட்டவர்களை இன்னோர் ஆபத்தின் பக்கத்தில் வைத்தது யார் பிழை என்று இப்போது ஆராய்வதில் பயனில்லை. ஆனால் அவர்கள் அங்கே வாழ்கிறார்கள் என்பது உங்கள் வரைபடத்தில் இருக்க வேண்டும். சேமிப்பகச் சுவரிலிருந்து மிக அருகிலுள்ள வீடு எத்தனை மீட்டர் என்ற ஒரே ஓர் எண்ணை, எங்கள் ஊர்ப் பொதுக்கூட்டம் ஒன்றுக்கு வந்திருந்த அலுவலரிடம் கேட்டோம். திரையில் படம் காட்டி அரைமணி நேரம் விளக்கிய அவர், அந்த எண்ணை மட்டும் சொல்லவில்லை. அதே கூட்டத்தில் வயதான மீன் வியாபாரி ஒருவர் எழுந்து, “ஐயா, நீங்க வைக்கிறத எப்ப எடுப்பிய?” என்று கேட்டார். அரங்கில் சிலர் சிரித்தார்கள். அந்தக் கேள்விக்கும் பதில் வரவில்லை.

அவசரகாலத் திட்டம் நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் தொலைவு வரையுள்ள பகுதியைக் கணக்கில் கொள்கிறது. 2012 ஜூனில் நக்கனேரியில் ஒரு ஒத்திகை நடந்தது. அது உள்நாட்டில் உள்ள சிற்றூர், கடலோர ஊர் அன்று. எங்கள் ஊர்களில் எந்த நேரத்திலும் ஒரு பகுதி ஆண்கள் கரையில் இருப்பதில்லை. மாலையில் போய் விடியலில் திரும்புகிறவர்கள் உண்டு. நாள்கணக்கில் தங்கிப் பிடிக்கிறவர்களும் உண்டு. கரையில் ஒலிக்கும் அபாயச் சங்கு அவர்களுக்குக் கேட்காது. கரையில் இருப்பவர்களைப் பேருந்தில் ஏற்றி அழைத்துப் போகிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். கடலில் இருப்பவர்கள் எந்தக் கரைக்குத் திரும்ப வேண்டும், அவர்களுக்கு யார் சொல்வார்கள், எந்தக் கருவியில் சொல்வார்கள்? இது வெறும் கற்பனைக் கேள்வி என்று தள்ளிவிடாதீர்கள். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி வந்தபோது, புயல் பற்றிய எச்சரிக்கை ஆழ்கடலில் இருந்தவர்களை உரிய நேரத்தில் எட்டாமல் போனதன் விலையைப் பக்கத்துக் குமரி மாவட்டத்து ஊர்கள் கொடுத்தன. புயலாவது முன்கூட்டி அடையாளம் காட்டும்.

எடுத்துச்செல்லும் வழியும் எங்களைக் கடந்துதான் போகும். 2023 செப்டம்பரில், புதிய உலைகளுக்கான நீராவி உற்பத்திக் கலன்கள் இரண்டை ஏற்றிவந்த மிதவை, கூடங்குளத்துக் கடலில் பாறையில் சிக்கி நின்றதைக் கரையில் நின்று பார்த்தோம். ஒவ்வொன்றும் 300 டன் அளவு எடை கொண்டவை. அவற்றில் எரிபொருள் எதுவும் இல்லை. அதனால் எங்களுக்கு ஆபத்தும் இல்லை. என்றாலும், இக்கடலின் பாறைகளை எங்கள் சிறுவர்களே பெயர்சொல்லிக் காட்டுவார்கள் என்பதையும், அவர்களை யாரும் கேட்கவில்லை என்பதையும் அன்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

நம்பிக்கை பற்றி இரண்டு வார்த்தை. 2019 அக்டோபர் 29 அன்று, கூடங்குளத்தின் கணினிகளில் ஊடுருவல் நடந்ததாக வந்த செய்தி பொய் என்று மறுக்கப்பட்டது. மறுநாளே, தீநிரல் (கணினிக்குள் புகுந்து கேடு செய்யும் நிரல்) ஒன்று கண்டறியப்பட்டது உண்மைதான் என்றும், செப்டம்பர் 4 அன்றே தகவல் வந்துவிட்டது என்றும் இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. அது நிர்வாகப் பிரிவின் கணினி, உலையை இயக்கும் அமைப்போடு தொடர்பில்லாதது என்று விளக்கப்பட்டது. அந்த விளக்கத்தை நான் ஐயப்படவில்லை. என் கவலை மறுப்புக்கும் ஒப்புதலுக்கும் இடையிலிருந்த அந்த ஒருநாளைப் பற்றியது. சின்னச் செய்தியையே முதலில் மறுத்துவிட்டுப் பிறகு ஏற்கும் பழக்கம் இருக்குமானால், பெரிய செய்தி வரும் நாளில் எந்த அறிவிப்பை நம்பி நாங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு கிளம்புவது?

உங்கள் தரப்பு மறுமொழிகள் எங்களுக்குப் பழக்கமானவை. தாராப்பூர், ராவத்பாட்டா அணுமின் நிலையங்களில் இத்தகைய சேமிப்பகங்கள் பல ஆண்டுகளாகப் பாதுகாப்பாக இயங்குகின்றன என்பது முதலாவது. அங்கே இயங்குகிறது என்பதால் இங்கே கேட்காமல் கட்டலாம் என்று பொருளாகாது; ஆறு உலைகளின் எரிபொருள், உலைகளின் ஆயுட்காலம் முழுவதும், ஒரே கடற்கரையில் சேரப்போவது கூடங்குளத்தில்தான் என்னும்போது அளவே வேறாகிறது. இரண்டாவது, இது கழிவு அன்று, மறுசுழற்சி செய்து மீண்டும் பயன்படுத்தவிருக்கும் வளம் என்பது. நாட்டின் கொள்கை அதுவென்பதை அறிவோம். வளம் என்றால் அதை எடுத்துச்செல்ல விரைவு காட்ட வேண்டியவர்கள் நீங்கள்தாம். இந்த எரிபொருளை மறுசெயலாக்கம் செய்யப்போகும் ஆலை எது, அது எந்த ஆண்டு தயாராகும், முதல் கட்டு எங்கள் ஊரைவிட்டு எந்த ஆண்டு புறப்படும் என்பதைச் சொல்லுங்கள். சொல்ல முடியாதென்றால், விருந்தாளி என்று சொல்லி வந்தவர் வீட்டுச் சாவியைக் கேட்பது போல இருக்கிறது எங்கள் நிலை.

மூன்றாவது மறுமொழி, இக்கடற்கரையில் இயற்கையாகவே கதிர்வீச்சு அதிகம், அதோடு ஒப்பிட்டால் நிலையத்தால் கூடுவது மிகக் குறைவு என்பது. எங்கள் கரைமணலில் மோனசைட் என்ற கனிமமும் அதிலே கதிர்வீச்சுள்ள தோரியமும் உண்டு என்பதும், மணவாளக்குறிச்சியில் அதைப் பிரித்தெடுக்கும் ஆலை இருப்பதும் உண்மை. ஆனால் இந்த உண்மை எனக்கு எதிர்த்திசையில் வழிகாட்டுகிறது. அடிப்படை அளவு ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு மாறுகின்ற ஒரு கரையில், எந்தச் சேமிப்பகமும் நிரம்புவதற்கு முன்பே வீடுவாரியாகக் கதிர்வீச்சு அளவையும் மக்களின் உடல்நிலையையும் பதிந்து வைத்திருக்க வேண்டும். அப்படிப் பதியாவிட்டால், பிற்காலத்தில் ஒருவருக்கு நோய் வந்தால் அது மணலால் வந்ததா, மதிலுக்கு உள்ளிருந்து வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. சொல்ல முடியாத நிலை யாருக்கு வசதி என்பதை நான் எழுத வேண்டியதில்லை. எங்கள் ஊர்களில் புற்றுநோய்க்கு மருத்துவம் பார்க்க நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களின் நோய்க்கு நிலையமே காரணம் என்று நான் கூறவில்லை. கூறுவதற்கும் மறுப்பதற்கும் வேண்டிய ஆவணம் எங்கள் கையில் இல்லை என்கிறேன்.

2019 ஜூலை 10 அன்று ராதாபுரத்தில் நடப்பதாக அறிவிக்கப்பட்ட கருத்துக்கேட்புக் கூட்டம் தள்ளிவைக்கப்பட்டது. கூட்டத்தை எதிர்த்தவர்கள் நாங்களே என்பதை மறைக்கவில்லை. எதிர்த்ததன் காரணம், நீண்டகாலத் திட்டம் எது என்று சொல்லாமல் இடைக்கால ஏற்பாட்டுக்கு மட்டும் கருத்துக் கேட்பதில் பொருளில்லை என்பதே. 2022 பிப்ரவரியில் தமிழ்நாட்டு முதலமைச்சரே பிரதமருக்கு எழுதி, கூடங்குளம் வளாகத்தில் இந்தச் சேமிப்பகம் வேண்டாம், எரிபொருளை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும், அது இயலாவிட்டால் மக்கள் வசிக்காத, சூழல் பாதிப்படையாத பகுதியில் நிரந்தரமாக வைக்க வேண்டும் என்று கேட்டார். ஒரு மாநிலத்தின் முதலமைச்சர் எழுத்தில் கேட்டதையே நாங்களும் கேட்கிறோம். எங்களை வளர்ச்சிக்கு எதிரானவர்கள் என்று ஒதுக்குவது இனியும் எடுபடாது. ஃபின்லாந்தில் ஆழ்நிலப் புதைவிடத்துக்கு இடம் தேடியபோது, மறுக்கும் உரிமையைச் சட்டமே உள்ளூராட்சிக்குக் கொடுத்திருந்தது. எயுரயோக்கி என்ற ஊரின் மன்றம் 2000-இல் வாக்கெடுத்து ஏற்ற பிறகே வேலை நகர்ந்தது. மறுக்க முடிகிற இடத்தில்தான் ஒருவரின் இசைவுக்கு மதிப்பு உண்டு. 500 கோடி ரூபாய் வளர்ச்சித் திட்டம் 2012-இல் அறிவிக்கப்பட்டதை இங்கே சிலர் நினைவூட்டுவார்கள். சாலையும் படகுத்துறையும் எந்தக் குடிமகனுக்கும் உரியவை. அவற்றை ஏற்றுக்கொண்டதனால் நாங்கள் கிடங்குக்கும் தலையாட்டிவிட்டோம் என்று ஆகிவிடாது.

இனி எங்கள் கோரிக்கைகள்.

முதலிரண்டு உலைகளுக்கும் மூன்றாம், நான்காம் உலைகளுக்குமான சேமிப்பகங்கள் தொடர்பாக இதுவரை வழங்கப்பட்ட ஒப்புதல் ஆணைகள், பாதுகாப்பு ஆய்வறிக்கைகள், சுற்றுச்சூழல் தாக்க அறிக்கைகள் ஆகியவற்றைச் சுருக்கமாக அன்றி முழுமையாகத் தமிழில் வெளியிட வேண்டும். பாதுகாப்புக் காரணங்களுக்காக மறைக்க வேண்டிய பக்கங்கள் இருந்தால் எவை, ஏன் என்பதை அவ்விடத்திலேயே குறிப்பிட வேண்டும். சேமிக்கும் முறை, மொத்தக் கொள்ளளவு, மிக அருகிலுள்ள வீட்டுக்கும் பள்ளிக்கும் உள்ள தொலைவு ஆகிய மூன்றும் முதல் பக்கத்திலேயே இருக்கட்டும்.

எரிபொருள் எங்கள் பகுதியை விட்டு வெளியேறத் தொடங்கும் ஆண்டும், முழுவதும் வெளியேறி முடியும் ஆண்டும், போய்ச் சேரும் இடமும் கொண்ட கால அட்டவணையை உச்ச நீதிமன்றத்தில் உறுதிமொழிப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும். ஆழ்நிலப் புதைவிடம் குறித்து 2013 தீர்ப்புக்குப் பிறகு ஆண்டுவாரியாக என்ன செய்யப்பட்டது என்ற அறிக்கையும் அதனுடன் இணைக்கப்பட வேண்டும்.

அந்த அட்டவணை வெளியாகி, அதன் அடிப்படையில் இடிந்தகரை, கூடங்குளம், விஜயாபதி உள்ளிட்ட ஊர்களிலேயே, மீன்பிடிக்குப் போகாத நாள் பார்த்து, கருத்துக்கேட்புக் கூட்டங்கள் நடந்து முடியும் வரை, சேமிப்பகங்களின் கட்டுமானத்தையோ எரிபொருளை அவற்றுக்கு மாற்றுவதையோ மேற்கொள்ளக் கூடாது. இதனால் குளங்களில் இடம் போதாமல் போகுமானால் உலைகளை அதற்கேற்ப நிறுத்தி வையுங்கள். குளம் நிறையும் நாளைக் காட்டி எங்களை அவசரப்படுத்துவதை ஏற்க மாட்டோம்.

நிலையத்தோடும் அணுசக்தித் துறையோடும் தொடர்பற்ற மருத்துவக் கல்லூரி ஒன்றின் பொறுப்பில், நிலையத்தைச் சுற்றி 16 கிலோமீட்டர் தொலைவுக்குள் உள்ள எல்லா ஊர்களிலும் அடிப்படை நலவாழ்வுக் கணக்கெடுப்பும் வீடுவாரிக் கதிர்வீச்சு அளவீடும் நடத்தி, முடிவுகளை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் வைக்க வேண்டும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அதன் பக்கத்தின் நகல் தரப்பட வேண்டும்.

கடலில் இருப்பவர்களுக்கான எச்சரிக்கை முறையும், அவர்கள் திரும்ப வேண்டிய மாற்றுக் கரையும் அவசரகாலத் திட்டத்தில் தனி அத்தியாயமாகச் சேர்க்கப்பட வேண்டும். அடுத்த ஒத்திகை கடலோர ஊர் ஒன்றில், படகுகளையும் உட்படுத்தி நடத்தப்பட வேண்டும்.

2011 முதல் போராடியவர்கள் மீது போடப்பட்ட வழக்குகளைத் திரும்பப் பெற முயற்சி எடுக்க வேண்டும் என்பதும் அதே 2013 தீர்ப்பின் வழிகாட்டுதல்தான். இன்னும் நிலுவையில் உள்ளவற்றை, கருத்துக்கேட்புக் கூட்டத்துக்கு நாள் குறிப்பதற்கு முன்பே திரும்பப் பெறுங்கள். வழக்கில் பெயர் இருக்கிறது என்ற அச்சத்தோடு எழுந்து நிற்பவர் தன் கருத்தை முழுதாகச் சொல்ல மாட்டார்.

இம்மடலுக்கான மறுமொழியை எழுத்தில், தமிழில், பொறுப்பான அலுவலரின் கையொப்பத்துடன், மேற்சொன்ன ஊர்களின் ஊராட்சி அறிவிப்புப் பலகைகளில் ஒட்டக் கோருகிறோம்.

இப்படிக்கு,
கூடங்குளம் வளாகத்தை அடுத்த கடலோர ஊரின் குடும்பங்கள் சார்பாக,
ஊர்வாசி ஒருத்தி